ஒட்டுண்ணியும் ஓம்புயிரும்: பட்டுத் தொழிலினர்க்கு ஒரு பாடம்

பட்டுக்கூடு ஒவ்வொன்றும் ஒரே இழையால் ஆனது. நல்ல இனத்துக் கூட்டிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் நீளத்துக்கு அறாத இழையை எடுக்கலாம். அக்கூட்டில் சிறு துளை ஒன்று விழுமானால் அந்த ஒரே இழை பல நூறு இடங்களில் துண்டுபட்டுவிடும். வெந்நீர்த் தொட்டியில் இட்டு எவ்வளவு தேடினும் தொடர்ந்து சுற்றுவதற்கு இழை அகப்படாது. கூடு விற்கச் சென்ற அங்கத்தினர் அதைக் கழிவு விலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகின்றார். ஒரு பிரதேசத்தில் இத்தகைய கூடுகள் மிகுந்தால் நல்ல நூல் குறைகின்றது. நூல் குறைந்தால் விலை ஏறுகின்றது. பாவுக்கும் ஊடைக்கும் நூல் வாங்கும் நெசவாளரின் கடன் பாக்கியும் உடன் ஏறுகின்றது. ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்க வரும் நாம் காண்பது அந்தப் பாக்கியை மட்டுமே. அதற்குக் காரணமான துளையை இட்டது ஓர் ஈயின் புழு என்பது எந்தப் பேரேட்டிலும் எழுதப்பட்டிருப்பதில்லை.

நிர்வாகக் குழுக் கூட்டங்களில் இப்பேச்சு எழும்பொழுது, ‘இந்தப் பருவம் நமக்குச் சரியில்லை’ என்று ஒருவர் கூற, மற்றவர் தலையசைக்க, அடுத்த விஷயத்துக்குச் சென்றுவிடுவதைப் பல சங்கங்களில் கண்டிருக்கின்றோம். ஈயும் கிருமியும் பருவக் கோளாறால் மட்டும் பெருகுவன அல்ல. அவற்றுக்கென்று ஒரு ஜீவன முறை உண்டு. அம்முறைக்கு ஒரு கணக்கு உண்டு. வரவு செலவு அறிந்த நம் அங்கத்தினர்களுக்கு அக்கணக்கு விளங்காததன்று.

ஓர் உயிரின் உடல்மேலோ உடலுள்ளோ தங்கி, அதன் சத்தை உண்டு வாழும் உயிரை ஒட்டுண்ணி என்கின்றோம். இடமும் உணவும் அளிக்கும் உயிரை ஓம்புயிர் எனலாம். மாமரக் கிளையில் வேரூன்றும் புல்லுருவியும், சோளத்தின் வேரைப் பற்றும் சுடுமல்லியும், மாட்டின் மடியில் கடிக்கும் உண்ணியும் இவ்வகையைச் சேர்ந்தவை. புலி மானைத் தின்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. மான் புலிக்குச் சில நாள் உணவு. ஓம்புயிரோ ஒட்டுண்ணிக்கு வீடும் உணவும் ஆகும். குடியிருக்கும் வீட்டை இடிப்பவன் வேறு வீடு தேட வேண்டும். அப்படியிருக்கச் சில ஒட்டுண்ணிகள் ஓம்புயிரைச் சில நாட்களில் கொன்றுவிடுவதேன்? வேறு சில ஆண்டுக்கணக்கில் அதனுடன் இருந்து மெலியச் செய்வதோடு நிற்பதேன்?

இக்கேள்விக்கு விடை மனிதர் கண்ணெதிரே விளங்கியது ஆஸ்திரேலியா தேசத்தில். அங்கே 1859ஆம் ஆண்டில் விக்டோரியா மாகாணத்துப் பண்ணையார் ஒருவர் வேட்டைப் பொழுதுபோக்குக்காக இங்கிலாந்திலிருந்து இரண்டு டஜன் முயல்களை வரவழைத்தார். அவை பெருகிய வேகத்தை நாம் விவரிக்க வேண்டுவதில்லை. நூறு ஆண்டு நிறைவதற்குள் கோடிக்கணக்காகி, ஆடுகளுக்கு வேண்டிய புல்லைத் தின்று தீர்த்தன. வேலியும் பயனளிக்கவில்லை, விஷமும் பயனளிக்கவில்லை. தென் அமெரிக்கக் காட்டுமுயல்களிடம் ஒரு வைரஸ் உண்டு. அதன் பெயர் மிக்சோமா. அக்காட்டுமுயலின் தோலில் ஒரு சிறு கட்டியை உண்டாக்குவதோடு அது அடங்கிவிடும். ஆனால் ஐரோப்பிய முயலின் உடலில் புகுந்தால் உயிரையே கொள்ளும். அதனை 1950இல் மர்ரி ஆற்றுப் பள்ளத்தாக்கில் விட்டனர். கொசுக்கள் அதைச் சுமந்து சென்றன. நோய் கண்ட முயல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்டவை, இரண்டு வாரத்துக்குள்ளாகவே மாண்டன. அவ்வமயம் அப்பகுதியில் மனிதரிடையே மூளைக்காய்ச்சல் ஒன்று தோன்றவே, முயல் நோயே காரணம் என்று ஜனங்கள் அஞ்சினர். பிராங்க் பென்னர், மக்பர்லேன் பர்னெட், இயன் குளூனீஸ் ராஸ் என்ற மூன்று விஞ்ஞானிகள் அந்த வைரஸைத் தங்கள் உடலிலேயே ஊசி மூலம் செலுத்திக் கொண்டு, மனிதருக்கு அதனால் தீங்கில்லை என்று 1951இல் காட்டினர்.

நம் பாடத்துக்கு வேண்டியது அதன்பின் நிகழ்ந்ததாகும். சில ஆண்டுகளில், வயல்வெளியிலிருந்து பிடித்து வந்த வைரஸைப் பரிசோதித்துப் பார்த்தபொழுது, முதலில் விட்ட அந்த உக்கிரமான வகை அருகிப் போயிருந்தது. நூற்றுக்கு எழுபது முதல் தொண்ணூற்றைந்து வரை கொல்லும் வகையே எங்கும் மிகுந்திருந்தது. அது கொல்வதற்கு எடுத்துக் கொண்ட காலமும் நீண்டிருந்தது. பதினேழு நாள் முதல் நான்கு வாரம் வரை முயல் உயிரோடிருந்தது. காரணம் கொசுவில் இருக்கின்றது. கொசு முயலின் தோல் கட்டியில் குத்தும்பொழுது அதன் வாயில் வைரஸ் ஒட்டிக்கொண்டு அடுத்த முயலுக்குச் செல்கின்றது. செத்த முயலைக் கொசு நாடுவதில்லை. ஒரு வாரத்தில் கொல்லும் வைரஸுக்குப் பயணம் செய்ய ஒரு வாரமே கிடைக்கும். நான்கு வாரம் விட்டுவைப்பதற்கு நான்கு வாரம் கிடைக்கும். மிகவும் மென்மையான வகைக்கும் நஷ்டம் உண்டு. முயல் விரைவில் குணமடைந்துவிடுமாதலால் அதற்கும் வழி அடைபடும். இரண்டுக்கும் நடுவில் நின்ற வகை மிகுதியான வட்டியைப் பெற்றது.

முயல்களும் வாளாவிருக்கவில்லை. நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில் யுரானா ஏரிப் பகுதியின் முயல்களை ஆண்டுதோறும் பிடித்து, ஒரே மாதிரி வைரஸைக் கொண்டு பரீட்சித்து வந்தனர். ஆரம்பத்தில் நூற்றுக்குச் சுமார் 90 இறந்தன; ஏழு முறை நோய் பரவி ஓய்ந்தபின் அந்தத் தொகை சுமார் 26ஆகக் குறைந்தது. தாங்கும் சக்தி உள்ளவை பிழைத்துக் குட்டி ஈன்றன. இல்லாதவை சந்ததியின்றி ஒழிந்தன. இதைக் கேட்டுவிட்டு, எந்த நோயும் நாள்பட நாள்பட தானே சாந்தமாகிவிடும் என்று சிலர் முடிவு கட்டுவதுண்டு. அந்த முடிவு தவறானது. முயல் வலுத்ததும், பிந்திய ஆண்டுகளில் வைரஸும் மறுபடி வலுத்தது. ஒட்டுண்ணியின் கொடுமை அதன் குணத்தால் மட்டும் நிர்ணயமாவதில்லை. ஓர் ஓம்புயிரிலிருந்து அடுத்ததற்குச் செல்ல அதற்கு என்ன வழி இருக்கின்றது என்பதே பெரும்பகுதி நிர்ணயிக்கின்றது. வழி மாறினால் குணமும் மாறும்.

இந்தக் கண்ணாடியை அணிந்து கொண்டு நம் புழு மனைக்குள் நுழைவோம்.

பட்டுப்புழு மனிதனால் வளர்க்கப்பட்டுச் சுமார் ஐயாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. சீன தேசத்தின் காட்டுப் பட்டுப்பூச்சி ஒன்றே இதன் மூதாதை. அது பறக்கும், நம்முடையது பறக்காது. அதன் புழு இலைக்கு இலை தனித்தனியே வாழும். நம்முடையது தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். தலைமுறை தலைமுறையாக நாம் தேர்ந்தெடுத்ததெல்லாம் இழையின் நீளத்தையும் கூட்டின் எடையையுமே. யுரானா ஏரி முயலைப் போலப் புழு தானே தேறி வலுப்பெறட்டும் என்று விட்டுவைக்க நம்மால் இயலாது. அதுவரை தவணை காத்திராது. ஆகவே காட்டில் இயற்கை செய்யும் காரியத்தை மனையில் நாம் செய்ய வேண்டியிருக்கின்றது.

கிருமி ஒன்றை முதலில் எடுத்துக் கொள்வோம். பெப்ரைன் என்பது அதனால் வரும் நோய். புழுவின் மேல் மிளகுத்தூள் தூவினாற் போன்ற கரும்புள்ளிகள் தோன்றுவதால், தென் பிரான்சு மக்கள் மிளகைக் குறிக்கும் தங்கள் சொல்லாலேயே இதை அழைத்தனர். 1853இல் சுமார் 26,000 டன் கூடு விளைந்த பிரான்சில், 1865இல் விளைந்தது சுமார் 4,000 டன்தான். அங்கே பட்டுத் தொழிலால் பிழைத்த கிராமங்கள் எத்தகைய நிலையை அடைந்திருக்கும் என்பதை நம் நெசவாளர் எண்ணிப் பார்க்கலாம். அவ்வாண்டு லூயி பாஸ்டர் என்ற இரசாயன விஞ்ஞானியை அத்தேசத்துச் சர்க்கார் அலே என்ற ஊருக்கு அனுப்பியது. பட்டுப்புழுவை அவர் அதுவரை கையால் தொட்டதில்லை. வழியில் பாப்ரே என்ற பூச்சியியல் அறிஞரின் இல்லத்துக்குச் சென்று, ஒரு கூட்டைக் காதருகே வைத்து ஆட்டி, உள்ளே ஏதோ இருக்கின்றதே என்று வியந்தார் என அந்த அறிஞரே பிற்காலத்தில் எழுதியிருக்கின்றார். உள்ளிருப்பது கூட்டுப்புழு என்பதை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவர்! எனினும் ஐந்து ஆண்டுகளில், இடையே 1868இல் பக்கவாதம் தாக்கியும் ஓயாமல், அவரே வழி கண்டார்.

பெப்ரைன் கிருமிக்கு வழிகள் இரண்டு. நோயுற்ற புழுவின் எச்சம் இலையில் படிந்து, அவ்விலையைத் தின்னும் புழுவுக்குச் செல்வது ஒன்று. தாய் அந்துப்பூச்சியின் முட்டைக்குள்ளேயே புகுந்து பிள்ளைக்குச் செல்வது மற்றொன்று. முட்டை வழியாகச் செல்ல வேண்டுமானால் தாய் முட்டையிடும் வரை உயிரோடிருக்க வேண்டும். இளமையில் கிருமி புகுந்த புழு கூடு கட்டுமுன் செத்துவிடுகின்றது. அதன் எச்சமோ அருகிலுள்ள புழுக்களைப் பற்றுகின்றது. வளர்ந்தபின் கிருமி புகுந்த புழு கூடு கட்டி, அந்தாகி, பார்வைக்குக் குறையின்றி முட்டையிடுகின்றது. கண்ணுக்கு நன்றாயிருந்த அந்த முட்டைகளையே பிரான்சில் விலை கொடுத்து வாங்கி ஊரூராய்ப் பரப்பினர். பாஸ்டர் கூறிய பரிகாரம் மிக எளிது. ஒவ்வொரு தாய் அந்தையும் தனித்தனியே முட்டையிடச் செய்; முட்டையிட்டபின் அத்தாயை அரைத்து நுண்ணோக்கியில் பார்; முட்டை வடிவான கிருமிவித்துக் காணப்பட்டால் அதன் முட்டைகளை எரித்துவிடு. இன்றும் நம் நாட்டின் முட்டை உற்பத்தி நிலையங்களில் தாய் அந்துப் பரிசோதனை என்ற பெயரில் நடப்பது இதுவே. முட்டையின் வழி அடைபட்டால், எச்சத்தின் வழியைச் சுண்ணாம்பும் கிருமிநாசினியும் கொண்டு மனையைச் சுத்தம் செய்து அடைக்கலாம். பரிசோதனை முத்திரை இல்லாத முட்டையைச் சில ரூபாய் மலிவு என்று வாங்கும் அங்கத்தினர், நோய்க்கு வாயிற்படியைத் திறந்து வைப்பதோடு, அண்டை வீட்டாரின் தட்டுக்கும் வழி போட்டுக் கொடுக்கின்றார்.

அடுத்தது முதலில் கூறிய துளையின் கர்த்தா. ஜப்பானியர் புழுவை உஜி என்பர். அச்சொல்லே அந்த ஈக்கும் பெயராயிற்று. நம்மவர் நாவில் அது ஊசி ஈ ஆகிவிட்டது. பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. அது புகுந்த இடத்தில் ஊசி குத்தினாற் போன்ற ஒரு கரும்புள்ளி தெரியும். வங்காளத்தில் நெடுங்காலமாக இருந்த இந்த ஈ, கூடுகளோடு 1980இல் கர்நாடகத்துக்கு வந்து சேர்ந்து, அங்கிருந்து நம் பக்கமும் பரவியது. தாய் ஈ வளர்ந்த புழுவின் தோலின்மேல் வெண்ணிற முட்டையை ஒட்டுகின்றது. இரண்டு மூன்று நாளில் பொரித்து வரும் ஈப்புழு தோலைத் துளைத்து உள்ளே செல்கின்றது.

இங்கே ஒரு விந்தையைக் கூறாமல் செல்ல மனம் வரவில்லை. அந்நியப் பொருள் ஒன்று உடலுள் புகுந்தால், பட்டுப்புழுவின் இரத்த அணுக்கள் திரண்டு அதைச் சுற்றிச் சுவர் எழுப்பும். உள்ளே அகப்பட்டது மூச்சுத் திணறிச் சாகும். இது பூச்சிகளின் பழமையான பாதுகாப்பு. ஈப்புழு இச்சுவரைத் தடுப்பதில்லை. தன் பின்புறத்தைத் துளை வாயிலில் வைத்துக்கொண்டு, எழும்பும் சுவர் தன்னைச் சுற்றிப் புனல் வடிவில் அமையுமாறு செய்துகொள்கின்றது. தன்னைச் சிறையிட எழுந்த சுவரே அதற்குப் புகைபோக்கியாகி வெளிக்காற்றைக் கொணர்கின்றது. நாம் காணும் கரும்புள்ளி அப்புகைபோக்கியின் வாய்தான். ஓம்புயிர் ஒரு தற்காப்பைக் கண்டுபிடிக்க, ஒட்டுண்ணி அத்தற்காப்பையே உபகரணமாக்கிக் கொள்ள, இவ்வாறு யுகக்கணக்காக நடந்துவந்த வழக்கின் ஒரு தீர்ப்பை நாம் தட்டில் காண்கின்றோம்.

ஐந்து முதல் ஏழு நாள் உள்ளே உண்டபின் ஈப்புழு வெளியேறுகின்றது. பட்டுப்புழு கூடு கட்டுமுன் வெளியேறினால் புழு போயிற்று. கட்டியபின் வெளியேறினால் கூடு துளைபட்டது. பின்னர்த் தரைவெடிப்பிலும் மூலையிலும் செந்நிறக் கூட்டுப்புழுவாய்ப் பத்துப் பன்னிரண்டு நாள் கிடந்து, மீண்டும் ஈயாகின்றது. ஆக, முட்டை முதல் ஈ வரை மூன்று வாரம் ஏறக்குறைய. இந்த ஈக்கு ஓம்புயிரை உயிரோடு வைக்க வேண்டிய அவசியம் இல்லை. பறந்து செல்ல இறக்கை இருப்பதால், கொன்றுவிட்டே போகலாம். அதற்கு வேண்டியதெல்லாம் வெளிவரும்பொழுது அக்கம்பக்கத்தில் எங்கேனும் வளர்ந்த புழு இருக்க வேண்டும் என்பதே. நம் ஊர்களில் ஒருவர் வீட்டில் கூடு அறுக்கும்பொழுது அடுத்தவர் வீட்டில் புழு நான்காம் தோலுரிப்பில் இருக்கின்றது. ஈக்கு ஆண்டு முழுவதும் பந்தி நடக்கின்றது.

சன்னலுக்கும் கதவுக்கும் வலை கட்டுவது ஒரு காப்பு. அதில் கஞ்சத்தனம் கூடாது. அதனினும் பயன் தருவது, ஊரார் எல்லோரும் ஒரே வாரத்தில் புழு வளர்ப்பைத் தொடங்கி, ஒரே வாரத்தில் கூடு அறுத்து, இடையே சில நாள் மனைகளை வெறுமையாக விடுவதாகும். இளம்புழு வளர்ப்பு மையத்திலிருந்து புழு பெறும் ஊர்களில் இது கடினமன்று. விநியோகத் தேதியைச் சங்கம் நிர்ணயித்தால் போதும். தனி ஒருவர் எவ்வளவு சாமர்த்தியசாலியாயினும் இதைத் தனியே செய்ய இயலாது. பத்து வீட்டில் ஒன்பது ஒத்து நடந்து, பத்தாமவர் தம் சௌகரியப்படி நடந்தால், ஈக்கு அந்த ஒரு வீடு போதும்.

இனி மல்பெரித் தோட்டத்துக்கு வருவோம். 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் ஒரு புதிய மாவுப்பூச்சி காணப்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளே அதன் பிறப்பிடம். பப்பாளியில் தொடங்கிய அது மரவள்ளி, பருத்தி, மல்பெரி என்று எதையும் விடவில்லை. கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களில் மல்பெரிக் கொழுந்துகள் வெண்மாவு பூசினாற்போல் சுருண்டு போயின. மருந்து அடித்தால் மெழுகுப் பூச்சின்மேல் நீர் வழிந்தோடிற்று. பூச்சியின் தேன் கசிவுக்காக எறும்புகள் அதற்குக் காவலிருந்தன. மருந்து பட்ட இலையைத் தின்ற பட்டுப்புழுவோ செத்தது. தோட்டத்தைப் பிடுங்கியவர்களும் உண்டு.

தன் ஊரில் இந்த மாவுப்பூச்சியைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே அதற்குக் குளவி வகைகள் சில பரம்பரைச் சத்துருக்களாக உண்டு. பூச்சி கடல் கடந்து வந்தபொழுது சத்துருக்கள் உடன் வரவில்லை. ஒட்டுண்ணிக்கும் ஒட்டுண்ணி உண்டு. அந்த இரண்டாம் கணக்கு அறுபட்டதால் முதல் கணக்கு கட்டுமீறிப் போயிற்று. 2010ஆம் ஆண்டு ஜூலை மாதம், அமெரிக்க விவசாய இலாகாவின் உதவியால் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூவகைக் குளவிகள் பெங்களூர் ஆய்வு நிலையத்துக்குக் கொண்டு வரப்பட்டன. அங்கே தனிமைப்படுத்தி ஆராய்ந்தபின், அவ்வாண்டு அக்டோபர் முதல் தோட்டங்களில் விடப்பட்டன. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பெருக்கி வழங்கியது. மூன்றில் நன்கு நிலைத்தது அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவி. ஒரு மில்லிமீட்டர் நீளமும் இல்லாத இது, இளம் மாவுப்பூச்சியின் உடலில் முட்டையிடுகின்றது. பூச்சி உள்ளே உண்ணப்பட்டு வறண்ட கூடாகின்றது. அதில் வட்டத் துளையிட்டுப் புதிய குளவி வெளிவருகின்றது. அடுத்த ஆண்டிலேயே பல மாவட்டங்களில் மாவுப்பூச்சி அடங்கிவிட்டது.

இங்கேதான் அங்கத்தினர்கள் தவறு செய்யக் காண்கின்றோம். குளவி மாவுப்பூச்சியை அடியோடு அழிப்பதில்லை. அழித்தால் அதன் பிள்ளைகளுக்கு உணவேது? ஆகையால் தோட்டத்தில் எப்பொழுதும் அங்குமிங்கும் சில பூச்சிகள் இருந்துகொண்டேயிருக்கும். அதைக் கண்டு பதறிய ஒருவர் மருந்து தெளிக்கின்றார். மெழுகுக்குள் இருக்கும் பூச்சியும் முட்டைப்பையும் பெரும்பாலும் தப்புகின்றன. மெழுகற்ற குளவி முதலில் சாகின்றது. ஒரு மாதத்தில் பூச்சி முன்னிலும் பெருகுகின்றது, அவர் தோட்டத்தில் மட்டுமன்று. குளவி வேலியறியாதாகையால், அவர் கொன்றது அண்டை வயல்களைக் காத்துவந்த குளவியையுமே. சங்கப் பண்டகசாலையில் மருந்து விற்பனைக் கணக்கு உயர்வதை லாபமாகக் காட்டும் நிர்வாகிகளிடம் இதை நாம் சற்றுக் கண்டிப்பாகவே சொல்வதுண்டு. கவாத்துச் செய்யும்பொழுது மாவு படிந்த கொம்புகளைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, வறண்ட கூடுகளில் துளை தெரிந்தால் அவற்றை எரிக்காமல் தோட்டத்து நிழலில் சில நாள் வைத்திருக்க வேண்டும். உள்ளே எஞ்சிய குளவிகள் வெளிப்பட்டுவிடும்.

ஊசி ஈக்கும் இத்தகைய குளவி ஒன்று உண்டு. நெசோலிங்ஸ் தைமஸ் என்ற அச்சிறு குளவி, ஈயின் கூட்டுப்புழுவைத் தேடிச் சென்று அதனுள் முட்டையிடுகின்றது; ஒரே கூட்டுப்புழுவிலிருந்து பல குளவிகள் வெளிவரும். வலைப்பைகளில் இட்டு இவற்றை வளர்ப்பாளருக்கு வழங்குகின்றனர். பையை மனைக்குள் தொங்கவிடுவதோடு பலர் நிறுத்திக் கொள்கின்றனர். கூடு அறுத்தபின் அதே பையை எருக்குழியருகே கொண்டுபோய் வைக்க வேண்டும். புழுப்படுக்கைக் குப்பையோடு வெளியே கொட்டப்பட்ட ஈயின் கூட்டுப்புழுக்கள் கிடப்பது அங்கேதான்.